பச்சைச் சட்டை போட்ட துரியோதனன்

எங்கள் ஊரில் துரியோதனன் செத்தால் அழுவதற்கென்று ஒரு வீடு உண்டு. அது எங்கள் வீடு.

பாண்டிக்குத் தெற்கே, பாகூர் ஏரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர் எங்களுடையது. வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் படித்துத் தீமிதி நடக்கும். தீமிதியன்று காலையில் படுகளம். ஏரி வண்டலைக் கொட்டி நாற்பது அடி நீளத்துக்குத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்வார்கள். கூத்தில் பீமன் வேஷம் கட்டினவர் வந்து தொடையில் அடிப்பார். அங்கே புதைத்து வைத்திருக்கிற குங்குமத் தண்ணீர்ப் பானை உடையும். திரௌபதி கூந்தலை முடிவாள். அதற்கப்புறம் காந்தாரி வந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மகனுடைய தலைமாட்டில் உட்கார்ந்து மூன்று சுற்று அழவேண்டும். அவள் அழுது எழுந்த பிறகுதான் சனங்கள் துரியோதனன் உடம்பிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் எடுப்பார்கள். அந்த மண்ணை நெல் மூட்டை அடுக்குகிற இடத்தில் போட்டால் வருஷம் முழுக்க நெல் குறையாதாம்.

காந்தாரிக்கு வேஷக்காரர் கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்தான் அழவேண்டும். என் மாமியார் அழுதார். எண்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து நான். "பாக்கியம் அழுதா நெசமாவே புள்ளய பறிகொடுத்தவ மாதிரி இருக்குது" என்று ஊரே சொல்லும். பாராட்டு என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். நானும் ஒன்றும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். எண்பத்தேழில் அவருடைய பட்டாளத்தை அமைதிப்படை என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். போன மூன்றாவது வாரம் வண்டி கண்ணிவெடியில் ஏறிவிட்டது. உடம்பு வரவில்லை. ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது.

'நம்ம சனத்தையே சுடப் போனவன்' என்றது ஊர். கருமாதிக்குப் பந்தல் போட்டு, நூறு பேருக்குச் சமைத்தோம். ஆறு பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் பந்தல்காரனுடைய ஆட்கள். நான் வாய்விட்டு அழுதபோது மாமனார் கதவைச் சாத்தி, "வெளிய கேக்கப் போவுதும்மா, அடங்கு" என்றார். அடங்கினேன். அடுத்த வைகாசியில் மாமியாருக்கு முட்டிவலி, உட்கார முடியவில்லை. என்னை அனுப்பினார். துரியோதனன் தலைமாட்டில் உட்கார்ந்ததும் ஏழு மாதமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்துவிட்டது. அன்றிலிருந்து வருஷத்தில் அந்த ஒரு நாள் எனக்கு. கதவைச் சாத்த ஆளில்லை. யாருக்காக அழுகிறாய் என்று கேட்கவும் ஆளில்லை. முப்பத்தேழு வைகாசி அப்படிப் போனது.

இந்த வருஷம் அதற்குத்தான் வேட்டு வைத்தார்கள்.

சித்திரைக் கடைசியில் வடக்கே நாலு நாள் சண்டை நடந்ததே, நினைவிருக்கும். எங்கள் ஊர் ஆண்கள் அந்த நாலு நாளும் டீக்கடையை விட்டு எழுந்திருக்கவில்லை. முதல் டீ ஆறுவதற்குள் லாகூரைப் பிடித்தார்கள். இரண்டாவது டீக்கு கராச்சி. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு ஆறு மாதமாகத் தண்ணீர் வரவில்லை. அதை எடுக்க ஒருவன் இறங்கமாட்டான், இவர்கள் சிந்து நதியை அடைக்கப் போனார்கள். சண்டை நின்றுவிட்டது என்று செய்தி வந்த அன்று, எழவு விழுந்த மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். ஐந்தாம் நாளுக்கும் மிக்சர் வாங்கி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

இவர்களுக்கெல்லாம் தலைவன் குமரவேல். பாகூரில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான், திருவிழாக் கமிட்டிக்கும் அவன்தான் தலைவர். காது குத்தோ கருமாதியோ, அவன் படம் மூலையில் இல்லாத பேனர் எங்கள் பக்கத்தில் இல்லை. படத்தில் எப்போதும் கையில் செல்போனை வைத்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்ப்பான். அங்கே என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டான். கார்கில் சண்டைக்குப் போய்வந்த சம்மந்தத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். அவர் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலில் அந்தச் சால்வையோடு அவர் வேர்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கம் நாகராஜன் சார், பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருந்தவர். பெண்கள் நாங்கள் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தோம்.

குமரவேல் எழுந்தான். "இந்த வருசம் நம்ம தொரியோதனன் சும்மா தொரியோதனன் இல்ல. எதிரி நாட்டு மிலிட்டரி டிரஸ்ஸுல படுத்துக்கினு இருப்பான். பச்ச சட்ட, தொப்பி, தோள்ல ஸ்டாரு. டிசைன் ரெடி. பீமன் அடிக்கிறத டிரோன் வெச்சி எடுக்கிறோம்."

விசில் அடித்தார்கள்.

"அப்பறம் காந்தாரி அழுவுறத இந்த வருசம் கட் பண்றோம். எதிரிக்கு இன்னாத்துக்கு ஒப்பாரி? வீடியோ வெளிய போச்சின்னா நம்ம ஊரத் தப்பா பேசுவான். அந்த எடத்துல தேசபக்திப் பாட்டு போட்டுர்லாம். பெரீம்மா, நீங்க ஆரத்தி எடுங்க, நல்லா ஃபோட்டோ விழும்."

பெரீம்மா என்றது என்னைத்தான்.

நாகராஜன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அவர் சண்டை வேண்டாம் கட்சி. காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். கலிங்கத்தில் தொடங்கினார், ஜப்பானில் குண்டு விழுந்தவரைக்கும் வந்தார். போரினால் ஏற்படும் பொருளாதார இழப்புகள் மூன்று வகைப்படும் என்றார். இரண்டாவது வகையிலேயே முக்கால்வாசிப் பேர் டீக்குப் போய்விட்டார்கள். உலகத்தில் செத்த அத்தனை பேருக்காகவும் அவர் மனம் பதைக்கும். ஆனால் என் வீட்டுக்காரர் செத்த வருஷம், எங்கள் வாசலைத் தாண்டும்போது துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர் அவர்தான். ஜப்பான்காரன் நல்ல தூரத்தில் இருக்கிறான், அவனுக்கு இரங்குவது சுலபம்.

"சார், போதும் சார், பசங்க பரிட்சைக்கா படிக்கிறாங்க?" என்று யாரோ கத்தினார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"சம்மந்தண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. சண்டைல நேரா நின்னவரு நீங்க. எதிரிய விடலாமா?" என்று குமரவேல் மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனான்.

சம்மந்தம் சால்வையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க கார்கில் சண்ட வேணுமா வேணாமான்னு கேட்டா வேணும்னுதான் சொல்வேன். மலமேல ஏறி ஒக்காந்துக்கினான், எறக்கித்தான் ஆவணும். வாத்தியாரு சொல்ற மாதிரி பேப்பர்ல எறக்க முடியாது."

கை தட்டினார்கள்.

"இர்றா, முடிக்கல. பன்னெண்டு பேரு ஏறுனோம், ஏழு பேரு எறங்குனோம். என் பூட்ஸு பாறையில கிழிஞ்சி போச்சி. என் பக்கத்துல செத்துக் கெடந்த பையன் கால்லேர்ந்து பூட்ஸ கழட்டி மாட்டிக்கினு எறங்குனேன். சூடா இருந்திச்சி உள்ள. அதையும் பேனர்ல போடுறா."

"அண்ணே..." என்று குமரவேல் மைக்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்தான். "அதெல்லாம் வேணாம்ணே. பாசிட்டிவா பேசுங்க."

"பாசிட்டிவா? சரி. எதிராளி பொணத்த அவன் ஊரே வாங்கிக்க மாட்டேன்னுட்டான். நாங்கதான் பொதைச்சோம், அவன் மொறப்படி. எவனையும் கூப்புட்டு கேக்கல எதிரிக்கு இன்னாத்துக்குன்னு. சுட்டவன் நானே பொதைச்சேன், டீ குடிச்சவன் நீ ஒப்பாரி வேணாங்கிற."

"நீங்க வயசானவரு, சால்வ போட்ருக்கோம், மரியாதையா பேசுறோம்..."

"சால்வ இந்தா." அவர் அதை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "ரொம்ப ஆசையா இருந்தா ஒம் புள்ளய அனுப்பு. இருபது வயசு ஆவுதுல்ல?"

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டாள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். குமரவேலுடைய அம்மா. "எம் பேரனையா? அவனுக்கு தூசு ஒத்துக்காதுப்பா, வெயில்ல நின்னா மூக்குல ரத்தம் வரும்!"

சிரிப்பு வந்தது சிலருக்கு. குமரவேல் அம்மாவை முறைத்தான். சம்மந்தம் போகிற வழியில் என் முன்னால் நின்றார். "அழுவுறது இந்த அக்கா வூட்டு மொற, பட்டாளத்துல செத்தவரு வூடு. அவங்கள ஒரு வார்த்த கேட்டீங்களாடா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஊரில் என் வீட்டுக்காரரை நினைத்துப் பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அத மட்டும் எடுக்காதீங்கப்பா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. வெட்கக்கேடு.

குமரவேல் கை தூக்கச் சொன்னான். தூக்கினார்கள். என் கையால் நாற்று வாங்கிப் போனவன் தூக்கினான். என் வீட்டில் தயிர் வாங்குகிறவள் தூக்கினாள். நாகராஜன் சார் கையைத் தூக்கவும் இல்லை, தூக்காமல் விடவும் இல்லை. காதருகே கொண்டுபோய்ச் சொறிந்தார். காந்தாரி தோற்றாள்.

படுகளத்தன்று நான் வீட்டிலேயே இருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஒருமுறை போய்ப் பார்த்திருந்தேன். கொம்யூன் பஞ்சாயத்து டிராக்டரில் வந்த வண்டலெல்லாம் பச்சைப் பெயிண்டுக்குள் கிடந்தது. தலையில் தொப்பி. தோளில் பிளெக்ஸில் வெட்டி ஒட்டின நட்சத்திரம். முகம் செய்கிற குயவர் பாவம், வழக்கப்படி பெரிய மீசையும் கோரைப்பல்லும்தான் வைத்திருந்தார். நெற்றியில் நாமம் வேறு. எந்த நாட்டுப் பட்டாளத்தில் நாமம் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள் என்று ஒருவனும் யோசிக்கவில்லை.

வீட்டிலிருந்தே எல்லாம் கேட்டது. பீமன் ஆடி வந்தார், மேளம் எகிறியது, பானை உடைந்தது, விசில். அப்புறம் ஸ்பீக்கரில் தேசபக்திப் பாட்டு. இரண்டு தடவை போட்டார்கள். அப்புறம் குமரவேல் குரல்: "பக்தர்கள் வரிசையா வந்து மண் எடுத்துக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்: "வாங்க, வாங்க, வெய்யில் ஏறுது." மூன்றாவது தடவை அவன் குரலில் தண்ணீர் வற்றிவிட்டது.

அரை மணி நேரத்தில் என் வாசலில் பைக் நின்றது.

"பெரீம்மா."

"இன்னாடா குமாரு, ஆரத்தி தட்டு வேணுமா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மண்ண ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்க. எங்கம்மாவே பைய மடிச்சி இடுப்புல சொருவிக்கினு நிக்கிது. அழாத மண்ண வூட்டுக்குள்ள கொண்டாந்தா அந்த எழவு நம்ம வூட்ல விழும்னு கெளப்பி வுட்டுடுச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லையில் எத்தனை எழவு விழுந்தாலும் சரி, நம் நெல் மூட்டைக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

"கை தூக்கினீங்களேடா, அந்தக் கையால எடுக்கச் சொல்லு."

"தப்புதான். ஒரு அஞ்சி நிமிசம் வந்து அழுதுட்டு போயிடுங்க. டிரோன எறக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. கூட்டத்தில் வராதது, அவன் என் வாசலில் வேர்வையோடு நின்றபோது வந்தது.

"வரேன். ஆனா நான் யாருக்காவ அழறேன்னு மைக்ல நீ சொல்லணும். எங்கூட்டுக்காரரு பேரச் சொல்லி, இந்த ஊர் ஆளு, பட்டாளத்துல இருந்து யாழ்ப்பாணத்துல செத்தாருன்னு சொல்லணும்."

அவன் முகம் மாறியது. "யாழ்ப்பாணம்னு சொன்னா பிரச்சன ஆவும் பெரீம்மா."

"அப்ப பாட்ட இன்னொரு தபா போடு."

தலையைச் சொறிந்தான். தெருமுனையில் அவனுடைய கமிட்டி ஆட்கள் கையசைத்துக் கூப்பிட்டார்கள். "சரி, சொல்றேன். அவுரு பேரு இன்னா?"

அவர் போய் முப்பத்தெட்டு வருஷமாக ஒரே ஊரில் இருக்கிறோம், அவனுக்குப் பெயர் தெரியாது. நான் எப்படிச் சொல்வது? கட்டினவர் பெயரை நாங்கள் வாயால் சொல்கிற வழக்கமில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துக் காட்டினேன். வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்ததை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். பட்டாள நம்பர், நாயக் என்ற பதவி, சாமிக்கண்ணு. செல்போனில் படம் பிடித்துக்கொண்டான். இதிலும் ஒரு படம்.

நான் முடியை அவிழ்த்து விரித்துப் போட்டுக்கொண்டு போனேன். களத்தில் சனம் அப்படியே நின்றது. எல்லார் கையிலும் மஞ்சள் பை, எவர்சில்வர் தூக்கு, ஒருவன் உரச் சாக்கே கொண்டுவந்திருந்தான். சம்மந்தமும் ஓரமாக நின்றிருந்தார், வெறுங்கையோடு. துரியோதனன் வெயிலில் பெயிண்டு நாற்றத்தோடு படுத்திருந்தான். தொடை உடைந்து சிவப்புத் தண்ணீர் பச்சைமேல் ஓடியிருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். காந்தாரிக்கென்று ஒரு மைக்கை என் வாய் உயரத்துக்கு நட்டுவைத்திருந்தார்கள்.

குமரவேல் தன் மைக்கை எடுத்தான்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இப்போது காந்தாரியாக அமர்ந்திருப்பவர் யார்? கார்கில் போரிலே எதிரிகளைச் சுட்டு வீழ்த்தி, வீரமரணம் எய்திய நமது மண்ணின் மைந்தர், நாயக் சாமிக்கண்ணு அவர்களின் துணைவியார்! பலத்த கரகோஷம்!"

கரகோஷம் பலமாகத்தான் எழுந்தது. விசில். யாரோ 'சாமிக்கண்ணு வாழ்க' என்றான். கருமாதிக்கு ஆறு பேர் வந்த மனிதருக்கு ஐந்நூறு பேர் கை தட்டினார்கள். பொய் சொல்லமாட்டேன், ஒரு நொடி எனக்கு இனித்தது. அப்படியே விட்டுவிட்டால் அடுத்த வருஷம் பேனரில் அவர் படம் வரும். குமரவேல் படத்துக்குப் பக்கத்தில். பாண்டியில் பிரெஞ்சுக்காரனுக்காகச் சண்டைக்குப் போய்ச் செத்த நம் ஆட்களுக்குக்கூடக் கடற்கரையில் வருஷா வருஷம் பூ வைக்கிறார்கள். இவருக்கு ஒரு பூ விழுந்தால் என்ன?

குமரவேல் என்னைப் பார்த்துக் கண்ணால் 'ஆரம்பிங்க' என்றான். உதவி செய்துவிட்ட முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு இனிப்பெல்லாம் கசந்துவிட்டது.

"டேய் குமாரு," என்றேன். என் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. "கார்கில் சண்ட வந்தப்ப அவரு செத்து பன்னெண்டு வருசம். அவரு செத்தது யாழ்ப்பாணத்துல. எம்பத்தேழுல. இங்க இருக்கிற பெருசுங்க எல்லாருக்கும் தெரியும். கருமாதிக்கு வராத அத்தினி பேருக்கும் தெரியும்."

கை தட்டல் நின்றது.

"அடச்சீ! நம்ம ஆளுங்கள சுடப் போன கோஷ்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாக்யராஜ், சாராயக்கடைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவன்.

"அப்ப தட்டுன கைய இன்னாடா பண்றது, கழுவிக்கிட்டு வரியா?" என்றார் சம்மந்தம்.

சிலர் சிரித்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். நாகராஜன் சார் குனிந்து செருப்பைத் தேடினார், செருப்பு காலில்தான் இருந்தது.

"அவரு யாரையாவது சுட்டாரா சுடலியான்னு எனக்குத் தெரியாது," என்றேன். "அனுப்புனாங்க, போனாரு. அனுப்புனவன் சரியா தப்பான்னு நீங்கதான் டீக்கடைல தீத்து வெச்சீங்களே. கடைசியா எழுதுன லெட்டர்ல கொல்லையில வேலி அடைச்சாச்சான்னு கேட்டிருந்தாரு. நான் இப்ப அவருக்காவ அழப் போறேன். முப்பத்தேழு வருசமா அவருக்காவதான் அழுதேன். அந்த மண்ணத்தான் வூட்டுக்குக் கொண்டு போனீங்க. புடிக்காதவன் பைய மடிச்சிக்கினு கெளம்பு."

ஒருவனும் கிளம்பவில்லை. பாக்யராஜ் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

நான் அழுதேன். 'மகனே' என்கிற இடத்தில் முதல்முறையாக 'என் ராசா' என்று மாற்றினேன். உடம்பே வராமல் பெட்டி வந்ததைச் சொன்னேன். சாத்தின கதவைச் சொன்னேன். இலை போட்டு வைத்து ஈ மொய்த்ததைச் சொன்னேன். இரண்டாம் சுற்றில், பச்சைச் சட்டை போட்டுக் கிடக்கிறானே, அவனைப் பெற்றவளும் எங்கேயாவது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. அவளுக்கும் சேர்த்து அழுதேன். மூன்றாம் சுற்று பத்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டும். நான் முடிக்கவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. மண் சூடு ஏறியது. ஐந்நூறு பேரும் தூக்கையும் சாக்கையும் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி, நான் எழுந்திருக்கிற வரைக்கும் நின்றார்கள்.

எழுந்தேன். விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். பச்சைச் சட்டையைக் கையால் பிய்த்து, பெயிண்டு ஒட்டின மண்ணையும் ஒட்டாத மண்ணையும் அள்ளினார்கள். பாக்யராஜ் நெஞ்சுப் பக்கத்திலேயே இரண்டு கையாலும் தோண்டினான். ஆண்டாள் ஒரு பிடி எடுத்தவள் என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு பிடியும் எடுத்தாள்.

முடியை அள்ளி முடிந்துகொண்டு நடந்தபோது குமரவேல் பின்னாலேயே ஓடிவந்தான்.

"பெரீம்மா, ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. இப்பிடி ஒன்ற மணி நேரம் இழுத்தீங்கன்னா எப்பிடி? தீக்குழிக்கு வெறகே இன்னும் அடுக்கல. அடுத்த வருசம் கொஞ்சம் ஷார்ட்டா முடிச்சிக்கலாமா?"

"அடுத்த வருசம் அந்தப் பச்ச சட்டக்காரனப் பெத்தவளுக்கும் ஒரு மூணு சுத்து சேத்துதான் அழுவேன்," என்றேன். "நெழலுக்குப் பந்தல் போட்டு வையி."